நந்தாதேவி: ஓய்வு பெற்ற சிகரம்

உத்தராகண்ட் மாநிலத்தில் 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கும் நந்தாதேவி, கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் உயரமான சிகரமாகும். மலைகள் கோட்டைமதில்போல் சூழ்ந்திருப்பதால், அதன் அடிவாரத்தை அடைவதே பெரும்பாடாக இருந்தது. 1934ஆம் ஆண்டில் ஷிப்டனும் டில்மனும் மூன்று ஷெர்பாக்களின் துணையுடன் ரிஷிகங்கையின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு வழியே உட்புகுந்தனர். 1936 ஆகஸ்டு 29 அன்று டில்மனும் ஓடெலும் உச்சியில் நின்றனர். 1950இல் அன்னபூர்ணா எட்டப்படும்வரை, மனிதர் ஏறிய சிகரங்களுள் இதுவே உயரமானது.

பிற்காலத்தில் ஏறுவோர் பெருகினர். விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, குப்பைகள் குவிந்தன. எனவே 1982இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, மலையேற்றமும் தடைசெய்யப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சிறப்பும் கிட்டியது. ஆனால் லாதா முதலிய சிற்றூர் மக்கள் மேய்ச்சல் நிலத்தையும் சுமைகூலியையும் இழந்தனர். அசல் கரையாதிருக்க வட்டியைத் துறந்தவர்கள் அவர்களே.