கணினியின் துபாஷி: உடைமையா, பொதுமையா?

ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இருவர் பேசவேண்டுமாயின் இடையில் ஒரு துபாஷி நிற்கவேண்டும். துபாஷி திறமையுள்ளவராயின் அவர் நிற்பதே தெரியாது. பேச்சுத் தடையின்றி நடக்கும். அவர் வரத் தவறும்போதுதான், அல்லது வருவதற்குப் புதிய நிபந்தனை விதிக்கும்போதுதான், அவர் எவ்வளவு இன்றியமையாதவர் என்பது விளங்கும். கணினியினுள்ளும் இத்தகைய துபாஷிகள் உண்டு. இயங்குசூழல் என்பது அவற்றின் பெயர். மேசைக் கணினியில் எந்தத் துபாஷியை அமர்த்துவது? ஒரு கம்பனிக்கு உடைமையானதையா, மூலம் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டதையா? பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இக்கேள்வி பணம், பாதுகாப்பு, சுதந்திரம் ஆகிய மூன்றையும் தொடுவது. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஜாவா.

கணினியின் உள்ளிருக்கும் செயலி தனக்கென ஒரு மொழியை உடையது. ஒரு வகைச் செயலியின் மொழி இன்னொரு வகைக்கு விளங்காது. விண்டோஸ் முறைமைக்கென ஆக்கிய செய்நிரல் லினக்ஸ் முறைமையில் அப்படியே ஓடாது. இந்த இடர்ப்பாட்டை நீக்கும் வழியொன்றை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனி கண்டது. ஜேம்ஸ் கொஸ்லிங் என்பவரும் அவருடைய துணைவரும் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை, 1995ஆம் ஆண்டில் ஜாவா என்னும் பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஜாவாவில் எழுதப்படும் செய்நிரல் எந்தச் செயலியின் மொழிக்கும் நேரே மாற்றப்படுவதில்லை. இடைநிலையான ஒரு பொதுக் குறிமொழிக்கே மாற்றப்படுகிறது. அக்குறிமொழியை வாசித்து, அந்தந்தக் கணினியின் மொழியில் சொல்லிக்கொடுப்பது இயங்குசூழலின் தொழில். ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று ஜாவாவைப் பற்றிச் சொல்லப்பட்டதன் பொருள் இதுவே.

இயங்குசூழலில் இரண்டு பகுதிகள் முக்கியமானவை. ஒன்று, குறிமொழியை மொழிபெயர்த்து இயக்கும் மெய்நிகர் இயந்திரம். மற்றையது, சாளரம் வரைதல், எழுத்துருக் காட்டல், கோப்புத் திறத்தல், வலையமைப்பிற் பேசுதல் முதலிய அன்றாடக் கருமங்களைச் செய்துவைக்கும் நூலகம். செய்நிரல் ஒன்றேயாயினும் அதை இயக்கும் துபாஷிகள் பலராக இருக்கலாம். தேர்வு என்னும் பேச்சு எழுவது இந்த இடத்திலேதான்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. சன் கம்பனி தன் இயங்குசூழலைப் பாவனையாளருக்குக் காசு வாங்காமலே கொடுத்துவந்தது. ஆயினும் அதனைத் திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை கொடுக்கவில்லை. ஆகையால் டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அதனைத் தம் முதன்மைத் தொகுப்பிற் சேர்க்க இயலாதிருந்தன. லினக்ஸ் பாவனையாளர் ஒவ்வொருவரும் அதனைத் தனியே தேடிப் பெற்றுத் தாமே நிறுவவேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்க்கத் தன்னார்வலர் முன்வந்தனர். 1996ஆம் ஆண்டில் காபே என்னும் மெய்நிகர் இயந்திரம் வெளியாயிற்று. 1998இல் நூலகத்தைப் புதிதாக எழுதும் குனூ கிளாஸ்பாத் திட்டம் தொடங்கிற்று. ஜாவாச் செய்நிரலை நேரே செயலியின் மொழிக்கு மாற்றும் ஜிசிஜே என்னும் தொகுப்பானும் வளர்ந்தது. இவற்றை ஆக்கியோர் சன் கம்பனியின் மூல நிரலைப் பயன்படுத்தாமல், வெளியிடப்பட்ட விதிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு எழுதவேண்டியிருந்தது. வேலையோ மிகப் பெரிது. சிறு செய்நிரல்கள் ஓடின. சாளரங்களும் படங்களும் நிறைந்த பெரிய செய்நிரல்கள் இடையில் நின்றன. 2004ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். திறந்த மூலச் செய்நிரலொன்று உடைமைத் துபாஷியின்றி ஓடாதெனில், அது பெயரளவிலேயே சுதந்திரமுடையது. அதன் காலில் விலங்கு கிடக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கொள்கையைப் பிடித்தால் வேலை நிற்கும், வேலையைப் பிடித்தால் கொள்கை போகும் என்னும் இரண்டுங்கெட்ட நிலை அக்காலத்துப் பாவனையாளருடையது.

இந்நிலை 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மாறத் தொடங்கியது. ஜாவாவின் மூலத்தைக் குனூ பொது உரிமத்தின் கீழ்த் திறப்பதாகச் சன் கம்பனி அறிவித்தது. 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் நூலகமும் வெளிவந்தது. ஓபன்ஜேடிகே என்பது அத்திட்டத்தின் பெயர். எனினும் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு நிரல் பிற கம்பனிகளுக்கு உரியதாகையால் திறக்கப்படவில்லை. எழுத்துருவை வரைதல், நிறங்களைச் சமன்செய்தல், ஒலி எழுப்புதல் முதலியன அப்பகுதியில் அடங்கின. அந்த ஓட்டைகளைச் சுதந்திர நிரல்களால் அடைக்க 2007ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ரெட் ஹட் கம்பனியார் ஒரு திட்டம் தொடங்கினர். ஜாவா என்ற பெயர் சன் கம்பனியின் வணிகக் குறியாகையால் அதனைச் சூட முடியவில்லை. காப்பியின் பெயரைத் தாங்கிய ஜாவாவுக்கு மாற்றாக, ஐஸ்டீ என்று தேநீரின் பெயரைச் சூட்டினர்! 2008ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பெடோரா 9 வெளியீட்டில் இருந்த இந்த இயங்குசூழல், ஜாவாவின் உத்தியோகபூர்வமான ஒப்புமைச் சோதனையில் தேறியது. சோதனையில் தேறிய துபாஷி, விதிப்படி மொழிபெயர்க்க வல்லது என்பதற்கு அது சான்று.

சோதனையில் தேறியபின்னும் மேசைக் கணினியில் வேறுபாடுகள் சில எஞ்சியிருந்தன. உடைமைச் சூழலும் திறந்த சூழலும் எழுத்துக்களை வரைய வெவ்வேறு பொறிகளைக் கையாண்டன. ஆகவே ஒரே செய்நிரலின் எழுத்துக்கள் ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் தோன்றின. இணைய உலாவியினுள் ஜாவாவை இயக்கும் செருகி ஓபன்ஜேடிகேயில் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக ஐஸ்டீ-வெப் என்னும் தனிச் செருகியை நிறுவவேண்டியிருந்தது. சாளரங்களை அழகுற அமைக்கும் ஜாவாஎப்எக்ஸ் நூலகம் ஓராக்கிளின் ஜாவா 8உடன் சேர்ந்தே வந்தது. திறந்த சூழலிலோ அதனைத் தனியே சேர்க்கவேண்டியிருந்தது. பழைய செய்நிரலொன்று திறந்த சூழலில் ஓட மறுத்தால், மொழிபெயர்ப்புத் தவறு என்பதைவிட இத்தகைய துணைப்பொருள் இல்லாமையே பெரும்பாலும் காரணமாக இருந்தது.

2010ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் சன் கம்பனியை ஓராக்கிள் கம்பனி வாங்கியது. உடைமையாளர் மாறினால் ஒப்பந்தமும் மாறலாம் என்பதற்கு அடுத்த ஆண்டே உதாரணம் கிடைத்தது. லினக்ஸ் வெளியீடுகள் உடைமைச் சூழலைத் தம் களஞ்சியங்கள் வழியாக வழங்குவதற்குச் சன் கம்பனி 2006ஆம் ஆண்டில் ஒரு தனி உரிமம் அளித்திருந்தது. அதனை ஓராக்கிள் 2011ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. அதன் விளைவாகப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பாவனையாளருக்கு வழங்கும் உரிமை உபுண்டுவுக்கு இல்லாமற் போயிற்று. குறைபாடு நிறைந்த பழைய பதிப்பு கணினிகளிற் கிடப்பது ஆபத்தெனக் கருதி, உடைமைச் சூழலைத் தன் களஞ்சியத்திலிருந்து அகற்றப்போவதாக உபுண்டு அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அறிவித்தது. பாவனையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களின் கணினியும் பழுதாகவில்லை. எங்கோ இருவருக்கிடையில் இருந்த ஓர் உரிமம் முடிந்தது, அவ்வளவே. ஆயினும் அவர்கள் மாற்றுத் துபாஷியைத் தேடவேண்டியதாயிற்று. அதே 2011ஆம் ஆண்டில் வெளியான ஜாவா 7க்கு ஓபன்ஜேடிகேயே மாதிரி ஆக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டமையால், தேடியவர்களுக்கு வழி இருந்தது.

மூலம் திறந்திருந்தாற் பாதுகாப்புத் தானே வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. 2013ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஜாவாவின் உலாவிச் செருகி வழியாகத் தீயோர் கணினிகளுட் புகுவது கண்டறியப்பட்டபோது, செருகியைச் செயலிழக்கச் செய்யும்படி அமெரிக்க அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமே அறிவுரை கூறியது. உடைமைச் சூழலும் திறந்த சூழலும் பெரும்பகுதி ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை. ஆகையால் ஒன்றில் உள்ள ஓட்டை மற்றதிலும் இருப்பது இயல்பு. அப்படியாயின் காப்பது எது? திருத்தம் வந்தவுடன் அதனை நிறுவுவதே காப்பு. சனவரி, ஏப்பிரல், யூலை, ஒக்ரோபர் ஆகிய மாதங்களில் ஜாவாவின் திருத்தங்கள் வெளிவருகின்றன. அவற்றைத் தடையின்றிப் பெறும் வழி உள்ள துபாஷியே பாதுகாப்பான துபாஷி. அந்தச் செருகியோ 2018ஆம் ஆண்டு வெளியான ஜாவா 11இல் முற்றாக நீக்கப்பட்டது.

அதே ஜாவா 11 இன்னொரு வகையிலும் எல்லைக்கல். அதுவரை உடைமைச் சூழலில் மட்டுமே இருந்த சிறப்புக் கருவிகள் சிலவற்றை ஓராக்கிள் திறந்த மூலத்துக்குக் கொடுத்தது. அன்றுமுதல் இரண்டு சூழல்களும் தொழிற்பாட்டில் ஏறத்தாழ ஒன்றாயின. வேறுபாடு நிரலிலிருந்து உரிமப் பத்திரத்துக்குக் குடிபெயர்ந்தது எனலாம்.

அந்தப் பத்திரம் பலமுறை மாறியுள்ளது. ஜாவா 8இன் புதிய திருத்தங்களை வணிக நிலையங்கள் கட்டணமின்றிப் பெறுவது 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் உரிமமும் மாற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜாவா 17 மீண்டும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஆனால் அச்சலுகை 2024ஆம் ஆண்டு செப்டெம்பருக்குப் பின் வந்த திருத்தங்களுக்குப் பொருந்தாது. 2023ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஓராக்கிள் புதிய சந்தா முறையொன்றைக் கொண்டுவந்தது. அதன்படி ஜாவாவைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பது கணக்கன்று. நிலையத்தில் மொத்தம் எத்தனை ஊழியர் என்பதே கணக்கு. 1,000க்குக் குறைந்த ஊழியரை உடைய நிலையத்துக்கு, ஆளொன்றுக்கு மாதம் 15 டொலர் என்பது அப்போது வெளியிடப்பட்ட விலை. 50 பேர் வேலைசெய்யும் காரியாலயமொன்றில் 5 பேர் மாத்திரமே ஜாவாச் செய்நிரலைத் தொடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைப்படி ஆண்டுக் கட்டணம் 9,000 டொலர். வாயிற் காவலரும் கணக்கில் வந்துவிடுகிறார்! சிறிய நிலையமொன்றுக்கு இது பொறுக்கக்கூடிய பாரமன்று.

திறந்த பக்கத்தில் நிலைமை யாது? ஓபன்ஜேடிகேயின் மூலத்திலிருந்து இயங்குசூழலை ஆக்கி வழங்குவோர் பலர் உளர். எக்லிப்ஸ் அறநிலையத்தின் கீழ் வெளிவரும் டெமூரின், அமேசன் கம்பனியின் கொரெட்டோ, அசுல் கம்பனியின் சூலு, மைக்ரோசொப்ட்டின் ஆக்கம் என்பன அவற்றுட் சில. லினக்ஸ் வெளியீடுகளும் தத்தம் களஞ்சியங்களில் ஓபன்ஜேடிகேயை வைத்துள்ளன. ஒருவர் வழங்குவதை நிறுத்தினாலும் இன்னொருவரிடம் செல்லலாம் என்பதே இதன் பெரும்பலம். குனூ பொது உரிமத்தின் கீழ் உள்ள சூழலில் ஓடினால், தம் சொந்தச் செய்நிரலின் மூலத்தையும் திறக்கவேண்டி வருமோ என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வேண்டியதில்லை. கிளாஸ்பாத் விதிவிலக்கு என்னும் ஒரு பிரிவு அவ்வுரிமத்தோடு இணைக்கப்பட்டிருப்பது இதற்காகவே.

அப்படியாயின் உடைமைச் சூழலைத் தேர்வதற்குக் காரணமே இல்லையா? உண்டு. சில வணிகச் செய்நிரல்களை விற்போர், ஓராக்கிளின் சூழலில் ஓடினால் மாத்திரமே தாம் பொறுப்பேற்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பர். வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்களில் அந்தப் பொறுப்பு விலைமதிப்புடையது. பழுது நேரும்போது உடனே பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்று கருதுவோரும் சந்தா செலுத்தலாம். ஆனால் அத்தகைய ஆதரவைத் திறந்த சூழலுக்கும் அசுல், ரெட் ஹட் முதலிய கம்பனிகள் கட்டணத்துக்கு அளிக்கின்றன. ஆகையால் பொறுப்பாளர் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக உடைமையைத் தேடவேண்டிய அவசியம் இன்றில்லை.

தேர்வு செய்ய விரும்புபவர் முதலிற் செய்யவேண்டியது கணக்கெடுப்பு. கணினியில் ஏற்கனவே எந்தச் சூழல், எந்தப் பதிப்பு இருக்கிறதென்பதைக் கட்டளைச் சாளரத்திற் கேட்டறியலாம். பின்னர், எந்தச் செய்நிரலுக்காக ஜாவா தேவைப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். இக்காலச் செய்நிரல்கள் பல தமக்குரிய துபாஷியைத் தம்மோடு அழைத்தே வருகின்றன. அவற்றுக்குத் தனிச்சூழல் தேவையில்லை. தேவையுள்ள இடத்தில், நீண்டகால ஆதரவுடைய பதிப்பொன்றைத் தெரிந்து, திறந்த சூழலை நிறுவிச் சோதிக்கலாம். இரண்டு சூழல்களை ஒரே கணினியில் அடுத்தடுத்து வைத்து, வேண்டியதை முன்னிருத்துவதற்கு லினக்ஸ் முறைமையில் வசதி உண்டு. செய்நிரலின் சாளரங்கள், எழுத்துக்கள், அச்சிடுதல், கோப்புச் சேமிப்பு ஆகியவற்றைச் சில நாட்கள் பழகிப் பார்த்தபின், பழைய சூழலை அகற்றிவிடவேண்டும். திருத்தம் பெறாத பழைய துபாஷியை மூலையில் விட்டுவைப்பது, பூட்டாத கொல்லைக் கதவை மறந்துபோவதற்கு ஒப்பாகும்.

ஆக, பெரும்பாலான மேசைக் கணினிகளுக்குத் திறந்த சூழலே இன்று போதுமானது. ஒப்பந்தம் வேறு கேட்கும் இடத்தில் உடைமைச் சூழல் பொருந்தும். எதனைத் தெரிந்தாலும் உரிமப் பத்திரத்தை வாசியாமல் தெரிதல் ஆகாது. ஒருவர் பல ஆண்டு உழைத்து ஆக்கிய கணக்குகளும் ஆவணங்களும் பேசுவதற்கு ஒரு துபாஷியின் வாயையே நம்பியிருக்கின்றன. அந்த வாயை மூடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை முன்னரே அறிந்துகொள்வது, பணத்தைச் சேமிப்பதிலும் பெரிய விவேகம்.