நூல் மதிப்புரை எழுதுவது எப்படி?



மதிப்புரை எழுதச் சொன்னால் மாணவர்களில் பலர் கதைச் சுருக்கம் எழுதிவிடுகிறார்கள். கெலுகோரில் ஒரு மாணவர் என்னிடம் நான்கு பக்க மதிப்புரையைக் கொண்டுவந்தார். மூன்றரைப் பக்கம் கதை. மீதியில், 'நூல் சிறப்பாக உள்ளது. அனைவரும் படிக்க வேண்டும்' என்றிருந்தது. கதைதான் நூலிலேயே இருக்கிறதே!

அவர் எடுத்துக்கொண்டது அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. 1977இல் வெளிவந்த நாவல். அகிலன் தமிழகத்து எழுத்தாளர். 'சித்திரப்பாவை' நாவலுக்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்றவர். மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, நம் ரப்பர் தோட்ட மக்களைப் பற்றி இதை எழுதினார். இவ்விவரங்களை முதற் பத்தியிலேயே தந்துவிட வேண்டும். கதைக்கு ஐந்தாறு வரி போதும். முடிவைச் சொல்லிவிடாதீர்கள், படிக்கப் போகிறவர் பாவம்.

"குறை ஒன்றும் எழுதவில்லையே, ஏன்?" என்று கேட்டேன்.

"ஞானபீடம் வாங்கினவரை நான் எப்படிங்க ஐயா குறை சொல்றது?" என்றார்.

அவருடைய தாயார் இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர். அப்படியிருக்க, தோட்டத்து நாவலை எடைபோட அந்த வீட்டுப் பிள்ளையைவிடத் தகுதியானவர் யார்? நாவலாசிரியர் விருந்தாளியாக வந்தவர். நாமோ லயத்தில் பிறந்தவர்கள்.

விடியுமுன்னரே பால் வெட்டுவது எதற்காக? வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். மழை பெய்தால் வெட்டு நின்றுபோகும். மங்கில் விழுந்த பாலும் வீணாகும். அன்றைய வரும்படிக்கு ஆபத்து. இதெல்லாம் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். நாவலில் வரும் வேலைக்காட்டுக் காட்சிகளில் இந்த அவசரமும் அச்சமும் தெரிகின்றனவா? கங்காணியும் கிராணியும் பேசும் பேச்சு நாம் கேட்ட பேச்சுத்தானா? இப்படிக் கேட்டுக்கொண்டே படியுங்கள். விடை எதுவானாலும் பக்க எண்ணோடு எழுதுங்கள். சான்று காட்டாத புகழ்ச்சிக்கும் மதிப்பில்லை, வசைக்கும் மதிப்பில்லை.

ஒரு விவரம் தவறிவிட்டது என்பதற்காக நாவலையே தள்ளிவிடலாகாது. எல்லா விவரமும் சரியாக இருந்து, பாத்திரங்கள் மரப்பொம்மைகளாக நிற்கும் நாவல்களும் உண்டு. அன்றியும், நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாத ஒன்று வெளியார் கண்ணில் உடனே பட்டிருக்கும். அப்படி ஏதேனும் கிடைத்தால், அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

அந்த மாணவர் நாவலை வீட்டுக்குக் கொண்டுபோய், இரவு நேரங்களில் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். தாயார் "ஆமாம்" என்ற இடங்களையும், "அப்படி இல்லப்பா" என்று தடுத்த இடங்களையும் பென்சிலால் குறித்துக்கொண்டார். இரண்டாவது மதிப்புரை ஒன்றரைப் பக்கந்தான் இருந்தது. அதை நான் திருத்தவில்லை.