மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்தால் வேடந்தாங்கல் ஏரியில் கடம்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். நத்தைகுத்தி நாரைகள் குச்சி பொறுக்கிக் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். அந்த நாளில்தான் சுற்றுவட்டார ஊர்களில் ஆண்கள் சபரிமலைக்கு மாலை போடுவார்கள். அடுத்த சில வாரங்களில் பக்கத்திலிருக்கும் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்தி இருமுடி சுமப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஒரு மண்டலமாவது வீட்டில் சாராய வாடை இருக்காது, சட்டி பானை உருளாது.

என் பெரியப்பாவும் அப்படித்தான் ஒரு கார்த்திகை முதல் நாள் மாலை போட்டார். இருபது வருஷக் குடி. முந்தைய இரவு கடைசியாக ஒரு குவார்ட்டர். "இதோட சரி" என்று பெரியம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் படுத்தவர், விடியற்காலை ஏரிக்கரைக் குளத்தில் முழுகிவிட்டு வந்தார். குருசாமி மாலையைக் கழுத்தில் போட்டபோதே கை உதறிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தோம்.

அன்று மாலை வேர்வை ஊற்றியது. சோறு இறங்கவில்லை. இரவு முழுக்கத் திண்ணைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். இரண்டாம் நாள் மதியம் வெட்டி இழுத்து விழுந்தார். ஓடிவந்தவர்கள் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் வலிப்பு நின்றது. விரதத்தில் வெறும் வயிறு, அதனால் மயக்கம் என்றார் ஒருவர். பக்கத்து ஊர் கிளினிக்குக்கு அழைத்துப் போய் ஒரு பாட்டில் குலுக்கோஸ் ஏற்றிக் கூட்டிவந்தோம்.

மூன்றாம் நாள் ராத்திரி, ஏரியில் இருக்கிற நாரையெல்லாம் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்குகிறது என்று கத்த ஆரம்பித்தார். "விரட்டுடா, விரட்டுடா" என்று துடைப்பத்தை ஓங்கினார். தன் வயசுக்கு ஒரு பறவை மேல் கல் எறிந்தவர் இல்லை. பெரியம்மாவை யாரோ என்று நினைத்துத் தள்ளிவிட்டார். உடம்பு அனலாகக் கொதித்தது. சாமி குத்தம் என்றார்கள். மந்திரித்து விபூதி போட்டார்கள். தூணில் கட்டிப்போடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். விடியும் நேரத்தில் யாரோ ஒரு பையன்தான் 108-க்குப் போன் செய்தான். செங்கல்பட்டில் அவரைச் சேர்த்தபோது, பணியிலிருந்த இளம் மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி: "எப்போ குடியை நிறுத்தினார்?"

'எவ்வளவு குடிப்பார்' என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள். எப்போது நிறுத்தினார் என்று யாரும் கேட்டதில்லை. குடித்துச் சாவார்கள் என்று தெரியும், குடியை நிறுத்தியும் சாக முடியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் கழித்தும் நம் ஊர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் சுலபமாகப் புரியும். துலாவின் ஒரு முனையில் சால் தொங்கும். அதன் கனத்துக்கு ஈடாக மறுமுனையில் கல் கட்டியிருப்பார்கள். மது மூளையை அமுக்கும் சரக்கு. தினமும் அது வந்து அமுக்கினால், மூளை தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ள மறுமுனையில் கல்லைக் கூட்டிக்கொண்டே போகும். வருஷக்கணக்கில் இப்படி ஒரு சமநிலை உண்டாகிவிடும். ஒரு நாள் சால் அறுந்து விழுந்தால் துலா என்ன ஆகும்? எகிறி அடிக்கும். நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை, வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என எல்லாமே அந்த எகிறல்தான். அந்த மனிதரின் மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதற்குக் கிட்டத்தட்ட நாள்கணக்கே உண்டு. கடைசி மடக்குக்குப் பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதைத் தாண்டி மூன்றாம், நான்காம் நாளில்தான் பெரிய ஆபத்து. காய்ச்சல், நேரம் இடம் ஆள் தெரியாத குழப்பம், பூச்சியும் பாம்பும் ஊர்வதாகத் தோன்றுவது. மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். 1813-ல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் வைத்த பெயர். குடியை விடுகிற எல்லோருக்கும் இது வராது, நூற்றில் நான்கைந்து பேருக்கே வரும். ஆனால் வந்து, சிகிச்சை இல்லாமல் விட்டால், மூன்றில் ஒருவர் வரைகூட இறந்த காலம் உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் அந்தச் சாவு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அவ்வளவு வித்தியாசம், ஒரு ஆம்புலன்ஸ் தூரத்தில்.

எங்கள் குலுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தையமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குலுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் கரைந்து, மூளையில் வெர்னிக்கி என்ற பாதிப்பு வரலாம். கண் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், பிறகு நினைவே நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். ஆகவே குடிநோயாளிக்கு முதலில் தையமின் ஊசி, பிறகுதான் குலுக்கோஸ். நாங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து ஏற்றிய பாட்டில் அது. சிகிச்சைக்குப் போகும் இடத்தில், அது எவ்வளவு சின்ன கிளினிக்காக இருந்தாலும், "இவர் தினம் குடிப்பவர், இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார்" என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை மறைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு.

2020 மார்ச் கடைசியில் நாடே ஒரே நேரத்தில் மாலை போட்டதுபோல ஆனது. ஊரடங்கு. டாஸ்மாக் கடைகள் மூடின. குடிப்பவர்கள் திருந்த நல்ல சந்தர்ப்பம் என்று பலர் மகிழ்ந்தார்கள், நானும் உள்பட. ஏப்ரல் முதல் வாரத்தில் செங்கல்பட்டில் மூன்று பேர் பெயின்டையும் வார்னிஷையும் கலந்து குடித்து இறந்தார்கள். அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் முகச்சவர லோஷனைக் குடித்தவர்கள் இறந்தார்கள். கேரளத்தில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு மார்ச் 30 அன்று உத்தரவு போட, மருத்துவர்கள் எதிர்க்க, ஏப்ரல் 2-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பெங்களூரு மருத்துவமனைகளில் கடுமையான மதுவிலகல் பாதிப்போடு வருபவர்களின் எண்ணிக்கை அந்த நாட்களில் இரட்டிப்பானதை அங்குள்ள மனநல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வார்னிஷ் குடித்தவர்களைப் பார்த்து "இவ்வளவு வெறியா" என்று கேட்டவர்கள் அதிகம். சால் அறுந்த துலா என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மூன்று பேருக்கும் வேண்டியிருந்தது சில நாள் மாத்திரையும் ஒரு படுக்கையும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து அதே ஊரில்தான் இருக்கிறது.

அடுத்து 2023 மே மாதம். வேடந்தாங்கலிலிருந்து அதிக தூரமில்லாத சித்தாமூர் பக்கம் பெருங்கரணையிலும், விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், 65 பேருக்கும் மேல். மெத்தனால் விற்றவர்கள் குற்றவாளிகள், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. முற்றிய குடிநோயாளிக்குக் கை நடுங்கத் தொடங்குவது விடியற்காலை ஐந்து மணிக்கு. கொத்தனார் வேலைக்கோ, கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கடலுக்கோ போக வேண்டியவர், மாமல்லபுரத்தில் உளி பிடிக்க வேண்டியவர், அந்த ஏழு மணி நேரத்தை எப்படிக் கடப்பார்? பக்கத்தில் எவன் பாக்கெட்டில் விற்கிறானோ அவனிடம்தான் போவார். 'கை நிக்கணும்னா ஒரு கட்டிங் போட்டாகணும்' என்று அவர்கள் சொல்வதை ஒரு நோய்க்குறியாக நாம் கேட்டதே இல்லை.

இந்த நாட்டில் சிகிச்சை எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. சுமார் 16 கோடி பேர் மது அருந்துகிறார்கள். அதில் 5.7 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு முழுக்க அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180-ல் ஒருவர். மற்றவர்களெல்லாம் எங்கள் பெரியப்பாவைப் போல மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ, சோற்றில் யாரோ கலந்துவைத்த பொடியைத் தின்றோ தனியாகப் போராடுகிறார்கள்.

மாலையையும் கயிற்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். குடியை விட வேண்டும் என்று ஒருவர் மனதில் எண்ணம் எழுவதே பெரிய விஷயம், அது எந்தச் சந்நிதியில் எழுந்தால் என்ன? ஆனால் பொடி வேறு கதை. 'குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' என்று விற்கிறவற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்கிற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் படுத்துவிடும், உயிரே போகலாம். நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டியது அது. குழம்பில் கலக்கக் கூடாது.

பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள்? அதிசயமாக ஒன்றும் இல்லை. தையமின் ஊசி போட்டார்கள். குளோர்டயசபாக்சைடு, லோரசிபாம் போன்ற மருந்துகளில் ஒன்றை அளவாகக் கொடுத்து, அடங்க அடங்கக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எகிறிய துலாவைக் கையால் பிடித்து மெதுவாகக் கீழே இறக்குவது போல. (இந்த மாத்திரைகளை மெடிக்கலில் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.) ஆறாம் நாள் காலையில் பெரியப்பா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்துவிட்டு, "பறவையெல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டார். பெரியம்மா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஒரு வாரம் கதவு திறந்ததுதான், வீட்டுக்குள் போவது அதன் பிறகுதான். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் இருக்கின்றன. ஆலோசனை இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. சென்னை அடையாறில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறைக்கு முன்னோடி. குடியால் கணவரை இழந்த பெண் அவர். அந்த மருத்துவமனை திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் நடத்திக் கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனது. ஊரே சேர்ந்து சாப்பாடு போட, குடும்பங்கள் பக்கத்தில் இருக்க, அங்கேயே சிகிச்சை. தமிழக அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. இவை ஒவ்வொரு வட்டத்துக்கும் வர வேண்டும். மதுராந்தகம் மாதிரி ஊர்களில் இருப்பவர் தினக்கூலியை விட்டுவிட்டு வாராவாரம் பட்டணம் போக மாட்டார்.

ஓர் எச்சரிக்கையும். மறுவாழ்வு இல்லம் என்று பலகை மாட்டி, அடித்து உதைத்துப் பூட்டிவைக்கும் இடங்கள் இருக்கின்றன. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த பாதிப்புகளையும் மனநலப் பிரச்சினையாகவே கணக்கில் எடுக்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

1790-களில் வேடந்தாங்கல் ஏரியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் அங்கே தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது. முட்டையிட வந்த நாரை மிரளக் கூடாது என்று ஒரு ஊரே குழந்தைகளின் வெடியைக்கூட விட்டுக்கொடுக்கிறது. அந்த ஊர்க்காரர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். குடியை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து, "எத்தனை நாளைக்கு, பாக்கலாம்" என்று சிரிக்காதீர்கள்.

தினமும் குடிப்பவர், காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்பவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் எவரும் மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அரைகுறையாக நிறுத்தித் தொடங்குவதால் அடுத்த முறை பாதிப்பு கூடும். வலிப்பு வந்தால் சாவி வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108-ஐ அழையுங்கள். காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கார்த்திகையில் உங்கள் வீட்டில் யாராவது மாலை போடுவதாக இருந்தால், ஒரு வாரம் முன்னதாக அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஒரு சீட்டு வாங்குங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் காசு கிடையாது. 14416-ல் ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.