பட்டங்கள் இரண்டு

கானாடுகாத்தான் அரண்மனையைக் கடக்கும்போதெல்லாம், "அதோ ராஜா வீடு" என்பார் என் அப்பத்தா. "எந்த நாட்டுக்கு ராஜா?" என்று கேட்டேன். சிரித்தார். விடையை நூல்களில் தேடினேன்.

அவர் நாடாண்ட மன்னர் அல்லர், வணிகப் பெருமகன். 1881-இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியாருக்கு ஆங்கில அரசு 1923-இல் 'சர்' பட்டம் அளித்தது. அது பெற்றவரோடு முடிந்துவிடும். 1929-இல் அளித்த 'செட்டிநாட்டு ராஜா' என்பதோ பரம்பரைப் பட்டம். தந்தைக்குப் பின் மகனைச் சேரும். 1948-இல் அவர் மறைந்தபின் மகன் முத்தையா செட்டியாரை அடைந்தது.

ஆனால், 1950 ஜனவரி 26-இல் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கலாகாது என்றது அதன் 18-ஆம் பிரிவு. அதன்பின் 'ராஜா' என்பது மக்கள் அன்போடு வழங்கும் பெயராகவே நின்றது. கோட்டையூர் அழகப்பச் செட்டியாரோ, தாம் பெற்ற 'சர்' பட்டத்தை விடுதலை வந்ததும் தாமே துறந்தார்.

எஞ்சியவை எவை? சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். காரைக்குடியில் அழகப்பர் கல்லூரிகள். அவர் தந்த நிலத்தில் எழுந்த மின்வேதியியல் ஆய்வகம்.

தோழியரே, பிறப்பால் வந்த பட்டம் மறைந்தது. படித்துப் பெறும் பட்டத்தைச் சட்டமே வாழவிட்டிருக்கிறது!

இதை அப்பத்தாவிடம் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீ அந்தப் பட்டத்தை வாங்கு, ஆத்தா" என்றார்.