வில்லுக்கத்தியின் பிடி சொல்லும் கதை



சென்ற மாதம் எமது வானொலியில் பழைய அமெரிக்க வில்லுக்கத்திகள் பற்றிப் பேசியிருந்தேன். அதைக் கேட்ட சிலர், கத்தியின் பிடி எதனால் ஆனது என்று கண்டுபிடிக்கும் வழியை எழுத்தில் தரும்படி கேட்டார்கள். ஒரு தாயார், "பிள்ளைகள் இருக்கிற வீட்டிலே கத்தி சேர்க்கலாமோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ப்பவை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் கத்திகள். எங்கள் அப்புமார் மடியில் செருகி வைத்திருந்தார்களே, அந்த வகைதான். அலகிலுள்ள சிறு பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். முதுகிலுள்ள வில் அதை விறைப்பாக வைத்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து விரியும் கத்தி வேறு. கனடாவில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். நகத்தால் திறக்கும் கத்தியையும் பாடசாலைக்குக் கொண்டுபோகக்கூடாது. என் கத்திகள் பூட்டிய அலுமாரியில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நானே எடுத்துக் காட்டுவேன். தாங்களாக எடுக்க விடமாட்டேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு ஒரு பரிசால் வந்தது. நான் அகதியாக வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் இரவுவேலை செய்தேன். அங்கே இயந்திரத்தைப் பழக்கித் தந்த முதியவர், ஓய்வுபெற்றுப் போன அன்று தன் சட்டைப்பையிலிருந்த மூன்று அலகுக் கத்தியை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் குறைவு. 'தாங்ஸ்' என்று மட்டும் சொன்னேன். அது என்ன கத்தி, எந்தக் காலத்தது என்று கேட்கத் தெரியவில்லை. பிற்பாடு கத்தியிடமே கேட்டுத்தான் அறிந்தேன்.

கத்தியிடம் கேட்பது எப்படி? முதலில் அலகின் அடியைப் பாருங்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்ட் நகரில் இயங்கும் 'கேஸ்' நிறுவனத்தின் கத்தி என்றால் அங்கே ஓர் இலக்கம் இருக்கும். என்னுடையதில் 6318. முதல் இலக்கம் பிடியைச் சொல்லும்: 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பொருள். அடுத்தது அலகுகளின் எண்ணிக்கை. மீதி, வடிவத்தின் எண். 1970இல் அந்த நிறுவனம் முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் இட்டது. பின்னர் ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்தது. என் கத்தியில் 5 புள்ளிகள், ஆகவே 1975. 'றெமிங்டன்' துப்பாக்கி நிறுவனமும் 1920 முதல் 1940 வரை கத்தி செய்தது. அதில் கடைசி இலக்கத்தைப் பார்க்கவேண்டும்: 3 எலும்பு, 4 முத்துச்சிப்பி, 6 மான்கொம்பு.

ஆனால் இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். எலும்பு போதியளவு கிடைக்காத காலங்களில், 6 என்ற இலக்கத்துடனேயே சில பிளாஸ்டிக் பிடிக் கத்திகளும் வெளிவந்தன. இலக்கம் பார்த்தபின் பூதக்கண்ணாடியால் பிடியையும் பார்க்கவேண்டும்.

மான்கொம்பு: மேலே மரப்பட்டை போலக் கரடுமுரடாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒருபோதும் ஒன்றாக இராது. இதில் ஒரு புதினம்: அமெரிக்கக் கத்திகளுக்குப் போன கொம்பில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போன கடமான் கொம்பு. நாங்கள் வன்னியில் மரை என்போமே, அதே விலங்கு. மரை உதிர்த்த கொம்பைக் காட்டில் பொறுக்கி ஏற்றுமதி செய்தார்கள். 1990களின் இறுதியில் இந்தியா அதைத் தடைசெய்தது.

எலும்பு: பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பு. கொம்பைப் போலத் தோன்றவேண்டும் என்பதற்காக இயந்திரத்தால் சிறு சிறு பள்ளம் வெட்டிச் சாயம் ஏற்றுவார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவிலான புள்ளிகளும் கோடுகளும் தெரியும். மாடு உயிரோடிருந்தபோது இரத்தம் ஓடிய நுண்குழாய்களின் அடையாளம் அவை. இதைப் போலியாகச் செய்வது கடினம்.

டெல்ரின்: டியூபொன்ட் நிறுவனம் 1960 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக். எலும்பைப் போல அச்சில் வார்ப்பார்கள். நுண்புள்ளி இராது. ஒரே வகைக் கத்திகள் இரண்டை அருகருகே வைத்தால் பள்ளங்கள் அச்சொட்டாக ஒன்றாக இருக்கும். கொம்பைப் பார்த்து எலும்பு நடித்தது; எலும்பைப் பார்த்து டெல்ரின் நடிக்கிறது!

முத்துச்சிப்பி: கன்னத்தில் வைத்தால் குளிரும். அசைக்க அசைக்க ஒளி உள்ளிருந்து மாறும். பிளாஸ்டிக் போலி குளிராது.

செலுலோயிட்: இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். யானைத் தந்தத்துக்குப் பதிலாகப் பில்லியர்ட் பந்து செய்ய ஒரு பொருளைத் தேடிய ஜோன் வெஸ்லி ஹயற் என்ற அமெரிக்கர், 1870 அளவில் இதை உருவாக்கினார். நைத்திரேற்றிய பஞ்சும் கற்பூரமும் சேர்ந்தது. ஆமை ஓடு, முத்து, தந்தம் என்று எந்த வேடமும் போடும். பெருவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூரம் மணக்கும். எங்கள் மூக்குக்கு அந்த மணத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்தச் செலுலோயிட்தான் என்னை அழவைத்தது. ஒரு கராஜ் சேலில் ஆமை ஓடு போன்ற பிடியுள்ள அழகான கத்தியொன்றை 5 டொலருக்கு வாங்கினேன். அதையும் முதியவர் தந்த கத்தியையும் ஒரே பிஸ்கற் ரின்னில் இறுக மூடி நிலக்கீழ் அறையில் வைத்தேன். ஒரு குளிர்காலம் கழித்துத் திறந்தால் மூக்கைக் குத்தும் நெடி. புதிதாக வாங்கியதன் பிடி வெடித்துப் பொரிந்திருந்தது. முதியவரின் கத்தியில் மூன்று அலகிலும் கறள். தண்ணீர் பட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அறிந்தேன்: பழைய செலுலோயிட் சிதையும்போது அமில ஆவியை விடும். அந்த ஆவி அருகிலுள்ள உருக்கையெல்லாம் தின்னும். எண்ணெய் பூசித் தேய்த்தும் அந்தத் தழும்பு முழுதாகப் போகவில்லை. முதியவரைத் தேடிப்போய்ச் சொல்லலாம் என்றால், அவர் எங்கே இருக்கிறார் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே செலுலோயிட் பிடிக் கத்திகளைப் புறம்பாக, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். பிடியில் மயிரிழை வெடிப்பு, ஆணியைச் சுற்றிப் பச்சைப் பூச்சு, நெடி: இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் மற்றக் கத்திகளை உடனே அகற்றுங்கள்.

இன்னொன்றை மிக அழுத்திச் சொல்கிறேன். சூடாக்கிய ஊசியால் பிடியைக் குத்திப் பார்த்தால் எலும்பா பிளாஸ்டிக்கா என்று தெரியும் எனச் சிலர் சொல்லுவார்கள். அதைச் செய்யவே வேண்டாம். செலுலோயிட் சடாரென்று தீப்பற்றும் பொருள். முன்பு சினிமாப் படச்சுருள்களும் அதே வகைப் பொருளால் ஆனவைதான். எத்தனையோ திரையரங்குகள் அதனால் எரிந்தன. ஒரு கத்தியின் பிடியை அறிவதற்காக வீட்டைக் கொளுத்தக்கூடாது. கண்ணும் மூக்கும் கன்னமும் போதும்.

கடைசியாகத் தந்தம். வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சென்றால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். ஆபிரிக்க யானைத் தந்த வணிகத்தை அமெரிக்கா 2016இல் ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்தது. கனடாவும் 2024இல் தன் இறக்குமதி, ஏற்றுமதி விதிகளை இறுக்கியது. எனவே பஃபலோப் பக்கம் போய் மலிவாகக் கிடைக்கிறதென்று தந்தமோ அசல் ஆமை ஓடோ வாங்கிக்கொண்டு எல்லையைக் கடக்காதீர்கள். எங்கள் கடதாசிகளுக்கு எல்லையில் எவ்வளவு பாடுபட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கத்திப் பிடிக்காக அந்தப் பாடு வேண்டாம்.

கறள் தின்ற அந்தக் கத்தியை நான் விற்கவில்லை. சந்தையில் இன்று அதற்குப் பெரிய விலையும் இல்லை. அதன் பிடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்; நுண்புள்ளிகள் இருக்கின்றன. அசல் எலும்புதான். அதில்தான் இப்போதும் அப்பிள் வெட்டுகிறேன். உங்கள் வீட்டு லாச்சியிலும், யாரோ ஒருவர் தந்த பழைய வில்லுக்கத்தி கிடக்கலாம். எடுத்து ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். தந்தவர் இருக்கிறார் என்றால், அவரிடமும் கேட்டு வையுங்கள்.