மாட்டில் வளர்ந்து கோதுமையில் நிலைத்த ரயிலடி ஊர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள சிற்றூர் அபிலீன். 1857-ல் உருவான இந்த ஊரில், பத்து ஆண்டுகள் கழித்தும் சில மரக்குடிசைகளே இருந்தன. 1867-ல் ரயில் பாதை வந்தது. டெக்சாஸில் நாலைந்து டாலருக்குக் கிடைத்த மாடு, வடக்கே பல மடங்கு விலைக்குப் போனது. இதைக் கணக்குப் போட்ட மாட்டு வியாபாரி ஜோசப் மெக்காய், ரயிலடியை ஒட்டிப் பட்டிகளும் ஹோட்டலும் கட்டினார். அந்த செப்டம்பரிலேயே 20 வேகன் மாடுகள் சிகாகோவுக்குக் கிளம்பின.

வியாபாரம் பெருகியது, உழவர்களுக்கோ தலைவலி. மந்தைகள் பயிரை மிதித்தன. டெக்சாஸ் மாடுகளோடு வந்த காய்ச்சலில் உள்ளூர் மாடுகள் செத்தன. அதைப் பரப்பியது உண்ணிதான் என்பது 1893-ல் வெளியான ஆய்வில்தான் நிரூபணமானது.

1872 தொடக்கத்தில், மந்தைகளை வேறு ஊருக்கு ஓட்டிச் செல்லும்படி ஊரார் சுற்றறிக்கை விட்டார்கள். மந்தைகள் எல்ஸ்வொர்த், விச்சிட்டா பக்கம் திரும்பின. அபிலீனில் கடைத்தெரு வெறிச்சோடியது.

கைகொடுத்தது குளிர்காலக் கோதுமை. மழைக்காலம் பார்த்து இலையுதிர் பருவத்தில் விதைத்தால், கடுங்கோடைக்கு முன்பே அறுத்துவிடலாம். மாடு ஏற்றிய அதே ரயில் கோதுமை ஏற்றத் தொடங்கியது. ஊர் நிலைத்தது.