திண்ணையிலிருந்து திடலுக்கு

மரக்காணம் கடற்கரையில் உடலே மூலதனம். பாத்தி மிதிப்பதும், உவர்நீர் பாய்ச்சுவதும், உப்பு வாரிக் கூடையிலேற்றி அம்பாரம் சேர்ப்பதும் கை கால்களின் வலிமையாலேயே நடைபெறுகின்றன. ஆதலால் கை கால் வழங்காத ஒருவரை, “பாவம், உட்கார்ந்திருக்கட்டும்” என்று திண்ணையிலேயே இருத்திவிடுகிறோம். சோறும் நீரும் அவர் இருக்கும் இடத்திற்கே வருகின்றன. அன்பினால் செய்வதே எனினும், இதனால் அவருக்கு இரண்டாவது கேடு ஒன்று விளைகின்றது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் உணர்தல் வேண்டும்.

போலியோவினால் கால் சூம்பியவருக்குத் துணை நிற்பவை தோளும் கைகளுமே. அவற்றையும் அசையாது விட்டால் தசை மெலியும், மூட்டு இறுகும், உடல் பருத்து நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தொடரும். ஒரே நிலையில் அமர்ந்திருப்பவருக்கு அழுத்தப் புண் உண்டாகும். நேற்றுவரை தாமே கழிப்பறைக்குச் சென்றவரை இன்று இருவர் தூக்கிச் செல்ல நேரிடும்.

எவ்வளவு பயிற்சி?

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், மாற்றுத்திறனாளிகளுக்கெனவும் அளவு கூறியுள்ளது. வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். சிறுவர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம். அவ்வளவு இயலாதவர்கள் இயன்ற அளவு செய்யினும் நன்மையே.

எளிய வழிகள்

நாற்காலியில் அமர்ந்தபடியே, கைக்கு ஒன்றாக இரண்டு கிலோ உப்புப் பொட்டலங்களைப் பத்து முறை உயர்த்தி இறக்கலாம். பார்வையற்றவர் இரு கம்பங்களுக்கிடையே இடுப்புயரத்தில் கட்டிய கயிற்றைத் தொட்டவாறு நடக்கலாம். ஓசையெழுப்பும் பந்தைக் கொண்டு விளையாடலாம். காது கேளாதவருக்கு ஊதலுக்குப் பதிலாகக் கொடி அசைத்தால் போதும்.

அமர்ந்தாடும் கைப்பந்து நம் மணற்பாங்கான ஊர்களுக்கு மிகப் பொருத்தமானது. 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள இடமும், ஒரு வலையும், ஒரு பந்துமே தேவை. வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். கால் வலுவற்றவரும் வலுவுள்ளவரும் தரையிலமர்ந்து ஒன்றாக ஆடலாம்.

கவனிக்க வேண்டியவை

பயிற்சி காலையிலும் மாலையிலுமே நடைபெறுக. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்குச் சரிவர வியர்க்காதாகையால், உடற்சூடு விரைவில் ஏறிவிடும். உணர்ச்சியற்ற பாதமுடையோர் வெறுங்காலுடன் உப்புமண்ணில் இறங்கலாகாது. நாள்தோறும் பாதத்தைப் புண் உளதா எனப் பார்த்தல் அவசியம். வலிப்பு நோயுள்ளவரை நீர்நிலையருகே தனியே விடலாகாது. உப்புக்காற்றில் சக்கர நாற்காலி விரைவில் துருப்பிடிக்கும். அதனை நன்னீரால் கழுவித் துடைத்து அச்சில் எண்ணெயிடுக. பயிற்சி தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கலந்து கொள்வது நன்று.

பஞ்சாயத்தின் பொறுப்பு

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கு கொள்ள ஆவன செய்வது அரசின் கடமையென 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகின்றது. 2025இல் நிறைவேறிய தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், ஒவ்வொரு ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வழி செய்தது. திடலுக்கு எந்த வழியில் வர இயலும், எங்கே படி தடுக்கின்றது என்பதை அவர்களைக் கேட்டே முடிவு செய்க. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளமென்ற கணக்கில் சாய்தளம் அமைத்தால், சக்கர நாற்காலி எளிதில் ஏறும்.

இதனால் பயனுண்டா என ஐயுறுவோர் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியை எண்ணிப் பார்க்கலாம். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த அவ்வூர் மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் 2024இல் பாரிஸில் இறகுப்பந்தாட்டத்தில் வெள்ளி வென்றார்.

எல்லோரும் பதக்கம் பெற வேண்டுவதில்லை. பிறர் தூக்காமல் தாமே எழுந்து முற்றம்வரை வரும் வலிமை ஒருவருக்குக் கிட்டினாலும், அக்குடும்பத்தில் இன்னொருவர் கவலையின்றி உப்பளத்துக்கோ கழனிக்கோ செல்ல இயலும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே, நம் ஊரில் திண்ணையோடு இருப்பவர்கள் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்து, திடலில் அவர்களுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றுவோமாக!